ஆன்லைனில் பி.ஜி.யா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டு

"அக்கா, ஆன்லைன்ல எம்.பி.ஏ. சேரலாமா?", "வீட்ல இருந்தே எம்.ஏ. இங்கிலீஷ் போட்டுடவா?" என்று கேட்டு வரும் தங்கைகளிடம் நான் எந்த யுனிவர்சிட்டி, எவ்வளவு ஃபீஸ் என்று ஆரம்பிப்பதில்லை. "முடிச்சதும் அந்த சர்டிபிகேட்டை யார் மேஜையில வைக்கப் போற?" என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே முழிப்பார்கள். "ஒரு பி.ஜி. இருந்தா நல்லதுதானேக்கா" என்பார்கள். நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் பணமும் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் கொடுத்து வாங்குகிற ஒன்றை எதற்கென்றே தெரியாமல் வாங்குவானேன்?

ஏனென்றால் மேஜைக்கு மேஜை கேள்வி மாறும். அரசு வேலை என்றால் "பத்து, பிளஸ் டூ, டிகிரி எல்லாம் வரிசையாப் படிச்சியா?" என்பார்கள். காலேஜ் லெக்சரர் வேலைக்கு "நெட் இருக்கா?" என்பார்கள். கம்பெனியில் "இதுவரைக்கும் என்ன வேலை பார்த்த?" என்பார்கள். வரன் பார்க்கிற இடத்தில் பெயருக்குப் பின்னால் எம்.காம். போட்டால் எடுப்பாக இருக்கும் என்று வீட்டிலேயே சேர்த்துவிடுவதும் உண்டு. அந்த மேஜைக்கு யு.ஜி.சி. அங்கீகாரம்கூடத் தேவையில்லை. உட்கார்ந்து படிக்கப் போவது மட்டும் நீ!

பெயரைப் பார்த்து ஏமாறாதே

தொலைதூரக் கல்வியும் ஆன்லைனும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யு.ஜி.சி. 2020ல் கொண்டுவந்த விதிமுறைகளில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. தொலைதூரம் என்றால் புத்தகம் வரும், ஸ்டடி சென்டரில் அவ்வப்போது கான்டாக்ட் கிளாஸ் இருக்கும், தேர்வை ஒரு மையத்துக்குப் போய் எழுதவேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைதூரப் படிப்பு நடத்தக்கூடாது. எங்கோ வடக்கில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் மாடியில் 'ஸ்டடி சென்டர்' என்று போர்டு தொங்கினால், படியேறுவதற்கு முன்னால் இரண்டு முறை யோசி. நாடு முழுவதும் மையம் வைத்து நடத்த 1985ல் தொடங்கப்பட்ட இக்னோவுக்கு அதிகாரம் உண்டு. எல்லோரும் இக்னோ கிடையாது.

ஆன்லைனுக்கு இந்த எல்லைப் பிரச்சினை இல்லை. புனேயில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.பி.ஏ.வை நீ பொள்ளாச்சியில் இருந்தே படிக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 'பி.ஜி. புரோகிராம்', 'எக்ஸிக்யூட்டிவ் பி.ஜி.', 'மாஸ்டர்ஸ் சர்டிபிகேஷன்' என்று விதவிதமான பெயரில் வரும். பெரிய கல்வி நிறுவனத்தின் லோகோ பளபளக்கும். அதில் நல்ல பாடம் இருக்கலாம், சம்பளம்கூட உயரலாம். ஆனால் அது பட்டம் ஆகாது. 'குறைந்தபட்சத் தகுதி: முதுநிலைப் பட்டம்' என்று கேட்கும் எந்த விண்ணப்பத்திலும் அதைப் போட முடியாது. சேர்வதற்கு முன்னால் "கடைசியில் வருவது டிகிரியா? அதைத் தரும் பல்கலைக்கழகம் எது?" என்று மெயிலில் கேள். போனில் கேட்காதே. போனில் வருகிற பதில் எப்போதும் "யெஸ் மேம்" தான்.

அங்கீகாரத்தைப் பார்க்கும் முறை

"யு.ஜி.சி. அப்ரூவ்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் போதாது. யு.ஜி.சி.யில் தொலைதூரக் கல்விக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. டெப் என்பார்கள். அதன் தளத்தில் ஒவ்வொரு சேர்க்கைக் காலத்துக்கும் பட்டியல் போடுவார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கிறது என்று பார்த்ததுமே மூடிவிடாதே. நீ சேரப்போகிற படிப்பு அதில் இருக்கிறதா? நீ சேரப்போகிற ஆண்டுக்கும் பருவத்துக்கும் இருக்கிறதா? ஆன்லைன் பட்டியலில் இருக்கிறதா, தொலைதூரப் பட்டியலில் இருக்கிறதா? இத்தனையும் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். போன வருஷம் இருந்த படிப்பு இந்த வருஷம் இல்லாமல் போவதுண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்த பெயருள்ள பல்கலைக்கழகங்களின் தொலைதூரப் படிப்புகளுக்கே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. அறிவித்ததும் உண்டு. அந்தப் பக்கத்தை அன்றைய தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன் ஷாட் எடுத்து மெயிலில் போட்டு வை. ஏழெட்டு வருஷம் கழித்து யாராவது கேட்கும்போது கைகொடுக்கும்.

எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலும் வைத்திருக்க வேண்டும். அதையும் கேள்.

2024லிருந்து இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. ஆன்லைனிலோ தொலைதூரத்திலோ சேரும் ஒவ்வொருவரும் டெப் ஐ.டி. எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்கிற ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும், டிஜிலாக்கர் வழியாகவே எடுத்துவிடலாம். இரண்டையும் நீயே செய். "ஆதார் ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க மேம், நாங்க போட்டுக்கறோம்" என்று ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதே. ஒரு நல்லது என்னவென்றால், அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு இந்த ஐ.டி.யை வைத்து சேர்க்கை போட முடியாது. அதனால் "டெப் ஐ.டி. எல்லாம் வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், நம் பெண்கள் அதிகம் கேட்கிற படிப்புகள் இதில்தான் வருகின்றன. சைக்காலஜியும் நியூட்ரிஷனும். குழந்தை பிறந்த பிறகு கவுன்சலிங் படித்து வீட்டிலிருந்தே ஆலோசனை தரலாம், டயட்டீஷியன் ஆகலாம் என்று எத்தனையோ பேர் திட்டம் போட்டிருந்தார்கள். 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தைக் காட்டி, சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், பயோடெக்னாலஜி, கிளினிக்கல் நியூட்ரிஷன் டயட்டெட்டிக்ஸ் ஆகியவற்றை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து ஆன்லைனிலும் தொலைதூரத்திலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. "இந்த வருஷம் கடைசி சான்ஸ், முன் தேதியில போட்டுத் தர்றோம்" என்று இதை வைத்துப் பணம் பார்க்கிற ஆட்கள் உண்டு. முன் தேதிச் சேர்க்கை என்றாலே ஃபிராடு. இந்தத் துறைகளில் ஆசை இருந்தால் நேராகக் கல்லூரிக்குப் போவதுதான் வழி.

மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், இன்ஜினீயரிங், ஆர்க்கிடெக்சர், பிசியோதெரபி எல்லாம் முன்பிருந்தே தடைதான். லேபில் நின்று செய்ய வேண்டிய எம்.எஸ்சி.க்களும் ஆன்லைனுக்குச் சரிப்படாது. எம்.டெக். பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சென்னை ஐ.ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கென எம்.டெக். நடத்துகிறது, பிட்ஸ் பிலானி 1979லிருந்தே வேலையோடு சேர்ந்த படிப்புகளை நடத்துகிறது. ஆனால் அதற்குக் கம்பெனியின் ஒத்துழைப்பு வேண்டும், பாடமும் லேசாக இருக்காது. பி.எச்டி. மட்டும் ஆன்லைனில் கிடையவே கிடையாது. யார் சொன்னாலும் நம்பாதே.

கம்பெனி மேஜை

இந்த மேஜையில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். வருஷக்கணக்காக ரெஸ்யூமே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருக்கிறது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

ஐந்தாறு வருஷம் அக்கவுன்ட்ஸ் பார்த்த பெண் ஆன்லைனில் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்துவிட்டு வந்தால் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது. சில கம்பெனிகளில் குறிப்பிட்ட கிரேடுக்கு மேலே போகணும் என்றால் பி.ஜி. இருந்தே ஆகவேண்டும் என்று உள்விதி வைத்திருப்பார்கள். அவளுக்கு வேலை தெரியும், விதிதான் இடிக்கும். அந்த இடத்தில் இந்தப் பட்டம் சரியாகப் போய் உட்காரும். ஆனால் பி.காம். முடித்த கையோடு, ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல், அதே எம்.பி.ஏ.வை வீட்டிலிருந்து முடித்து வருகிற பெண்ணை நாங்கள் ஃபிரெஷர் வரிசையில்தான் நிற்கவைப்போம். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கல்லூரிக்குப் போய்ப் படித்த எம்.பி.ஏ.வுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ உண்டு. ஆன்லைனில் 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் லாகினும் ரெஸ்யூமே எழுதுவது எப்படி என்கிற வெபினாரும்தான்.

ஐ.டி. பக்கம் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. பட்டத்தைவிட நீ செய்த புராஜெக்ட்டைத்தான் தோண்டித் துருவுவார்கள். பட்டம் இருந்து பதில் தெரியாவிட்டால் இன்னும் மோசம்.

"சர்டிபிகேட்ல ஆன்லைன்னு போட மாட்டாங்க மேம்" என்று கவுன்சிலர்கள் தேனாகப் பேசுவார்கள். முன்பக்கத்தில் போடாமல் இருக்கலாம். ஆனால் எந்த முறையில் படித்தது, சேர்ந்த தேதி, முடித்த தேதி எல்லாம் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. வேலைக்கு எடுத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்புக்கு வெளி ஏஜென்சியிடம் கொடுப்போம். அவர்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். ரெஸ்யூமேயில் 'ரெகுலர்' என்று போட்டுவிட்டு இங்கே மாட்டிக்கொண்டால் பட்டத்துக்கு இல்லாத களங்கம் உன் பேருக்கு வந்துவிடும். 'ஆன்லைன், 2 ஆண்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்தது' என்று தைரியமாகப் போடு. பல மேனேஜர்களுக்கு அது பிடிக்கத்தான் செய்யும்.

அரசு மேஜை, கல்லூரி மேஜை

அங்கீகாரம் பெற்ற ஆன்லைன், தொலைதூரப் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. விதியே சொல்கிறது. 2022 செப்டம்பரில் அதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. ஆகவே "ஆன்லைன்னா கவர்மென்ட்ல எடுக்க மாட்டாங்க" என்று தெருவில் பேசுவதைக் கேட்டு மனம் உடையாதே. ஆனால் தமிழ்நாட்டில் வேறு ஒரு முடிச்சு இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது 2009 அரசாணை. பிளஸ் டூ போகாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கியவர்கள் அதற்கு மேலே எந்த எம்.ஏ. முடித்தாலும் அடி ஆட்டம் காணும். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வழி பார்.

டி.ஆர்.பி. முதுகலை ஆசிரியர் வேலை கனவென்றால் பி.எட்.டும் வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் போடுகிற 'கிராஸ் மேஜர்' ஆட்கள், கடைசியாக வந்த அறிவிக்கையை வரி விடாமல் படித்துவிட்டுச் சேருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இட ஒதுக்கீட்டை நம்பி இருப்பவர்கள், இந்த எம்.ஏ.வுக்குப் பயிற்றுமொழிச் சான்று தருவார்களா என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கிறாயா? சேருவதற்கு முன்னால் துறையில் அனுமதி வாங்கு, முடித்த பிறகு போய் நின்றால் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று, உயர்கல்விக்கு இன்கிரிமென்ட் வரும் என்று பழைய டீச்சர்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதே. அந்த ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இப்போது உன் துறையில் என்ன கிடைக்கும் என்று அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்.

லெக்சரர் வேலைக்கு எம்.ஏ. முதல் படிதான். பி.ஜி.யில் 55 சதவீதம் இருந்தால்தான் இந்த வேலைக்கான யு.ஜி.சி. நெட் எழுத முடியும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத் திறனாளிகளுக்கு 50. தபாலில் படிக்கிறவர்கள் பலர் 'பாஸ் ஆனால் போதும்' என்று எழுதி, 52 வாங்கிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். முதல் செமஸ்டரிலிருந்தே 60ஐக் குறிவைத்துப் படி.

வெளிநாட்டுப் பட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 2014லிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ்.ஸை ஆன்லைனில் நடத்துகிறது. மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர், அங்கே வளாகத்தில் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே பட்டம். இங்கிருந்து வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்கள். கடினமான படிப்பு, கம்பெனி மேஜையில் நல்ல மதிப்பு. ஆனால் எல்லா வெளிநாட்டுப் பெயரும் இப்படி இல்லை. இங்குள்ள எட்டெக் கம்பெனிகள் வழியாக வாங்கும் அங்கீகாரமற்ற வெளிநாட்டுப் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. எச்சரித்தது. அரசு வேலைக்கோ இங்கே பி.எச்டி. சேரவோ போடுவதாக இருந்தால் வெளிநாட்டு ஆன்லைன் பட்டமே வேண்டாம் என்பேன்.

பணக் கணக்கு

இக்னோவில் ஒரு எம்.ஏ.வை முழுதாக முடிக்க ஆகிற பணத்தில், தனியார் ஆன்லைன் எம்.பி.ஏ.க்கள் பலவற்றில் ஒரு செமஸ்டர் ஃபீஸ்கூடக் கட்ட முடியாது. அரசு மேஜைக்கும் கல்லூரி மேஜைக்கும் இக்னோ எம்.ஏ.வும் தனியார் ஆன்லைன் எம்.ஏ.வும் ஒரே பட்டம்தான். எனவே டீச்சர் வேலைக்கோ நெட்டுக்கோ என்றால் பளபளப்பான தளத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காதே. இக்னோ, நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைதூர மையங்கள் போதும். கையால் அசைன்மென்ட் எழுதவேண்டி வரும், பதில் வர நாளாகும், தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் என்று காத்திருக்க வேண்டும். பொறுமை இருந்தால் லாபம்.

தனியாரில் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பார்கள். மாசம் ஆறாயிரம் ஏழாயிரம்தானே என்று தோன்றும். நீ கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகத்தோடு அல்ல, ஒரு நிதி நிறுவனத்தோடு. ஃபீஸ் மொத்தமும் அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். இரண்டாவது செமஸ்டரில் நீ நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கியில் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். முடிந்தவரை செமஸ்டருக்குச் செமஸ்டர் கட்டு. கடன்தான் வழி என்றால் வங்கிக் கல்விக் கடனை முதலில் கேட்டுப் பார். பழைய வரி முறையில் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு அதன் வட்டிக்கு 80இ பிரிவில் எட்டு வருஷம் வரை விலக்கு உண்டு, புதிய முறையில் கிடையாது.

தேர்வுக் கட்டணம், அரியர் கட்டணம், புராஜெக்ட், பட்டமளிப்புக் கட்டணம் என்று பிறகு பிறகு வருபவற்றையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கு. உன் கம்பெனியில் படிப்புச் செலவைத் திருப்பித் தரும் பாலிசி இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுவிடு. இருந்தும் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நேரக் கணக்கு, வீட்டுக் கணக்கு

"வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும் மேம்" என்பது விளம்பரக் கணக்கு. யு.ஜி.சி. கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. இரண்டு வருஷ பி.ஜி. பெரும்பாலும் 80 கிரெடிட். பெருக்கினால் 2,400 மணி. 104 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி. யாரும் அவ்வளவு படிப்பதில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். அதில் பாதி, வாரம் 12 மணி நேரம், உன்னால் ஒதுக்க முடியுமா? எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று பேப்பரில் எழுது. எழுதும்போதே வீட்டில் அந்த நேரத்தில் யார் பாத்திரம் கழுவுவார்கள், குழந்தையை யார் தூங்கவைப்பார்கள் என்பதையும் எழுது. அந்தக் காகிதத்தை வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் காட்டிப் பேசிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடு. "படிம்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு யார் தோசை ஊற்றுவது என்பது முடிவாகாமல் அந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை.

தேர்வு நாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டிலிருந்தே எழுதும் கண்காணிப்புத் தேர்வு என்றால் லேப்டாப்பைத் தூக்கி அறையை ஒரு சுற்று காட்டச் சொல்வார்கள், சில சமயம் மேஜைக்கு அடியில்கூட. அடையாள அட்டையை முகத்தருகே பிடிக்க வேண்டும். அதன் பிறகு கண் ஓரமாகப் போனாலும் வேறு குரல் கேட்டாலும் திரையில் எச்சரிக்கை வந்து விழும். குக்கர் விசிலைப் பொறுத்துக்கொள்ளும். "அம்மா, என் இன்னொரு சாக்ஸ் எங்க?" என்று பையன் கதவைத் திறந்துகொண்டு கேமராவுக்குள் வந்து நின்றால் அது வேறு கதை. உள்தாழ்ப்பாள் இருக்கிற ஒரு அறை, மொபைலுக்குப் பதில் சொந்தமாக ஒரு லேப்டாப், நெட் போனால் மாற்றாக ஒரு ஹாட்ஸ்பாட், இத்தனையும் வேண்டும். தேர்வு நேரத்தை நீயே தேர்ந்தெடுக்கிற வசதி இருந்தால், உங்கள் ஏரியாவில் ஈ.பி.காரர்கள் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்றைக்குக் கரன்ட் நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு நாளைக் குறி. வீட்டில் இதற்கெல்லாம் வசதி இல்லை என்றால் மையத்தில் போய் எழுதும் படிப்பாகப் பார்த்துச் சேர், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குழந்தை, பிரசவம், டிரான்ஸ்ஃபர் என்று நடுவில் ஏதாவது வரும் என்று தெரிந்தால் அதிகபட்ச காலத்தைக் கேட்டுவை. இக்னோவில் இரண்டு வருஷ எம்.ஏ.வை நான்கு வருஷத்துக்குள் முடிக்கலாம்.

ஆயிரம் ரூபாய் பரீட்சை

என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் சொல்கிற டிப்ஸ் இது. லட்சம் கட்டுவதற்கு முன்னால் என்.பி.டி.இ.எல்.லில் ஒரு 12 வாரப் படிப்பில் சேர். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்துவது. படிக்கக் காசு கிடையாது, சர்டிபிகேட் வேண்டுமென்றால் தேர்வு எழுத மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்ட வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் வரும், கெடு தேதி தாண்டினால் ஏற்காது. 12ல் நல்ல மதிப்பெண் வந்த 8 அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75.

நீ படிக்க நினைக்கிற துறையிலேயே ஒன்றை எடு. யாரும் விரட்டாமல், யாரும் பக்கத்தில் உட்காராமல் 12 வாரமும் அசைன்மென்ட் போட்டுத் தேர்வு வரை போய்விட்டாய் என்றால் ஆன்லைன் பி.ஜி. உனக்கு ஒத்துவரும். நாலாவது வாரமே விட்டுவிட்டாய் என்றால், உனக்கு அறிவு இல்லை என்று அர்த்தம் இல்லை. நாலு பேரோடு வகுப்பில் உட்கார்ந்து, பெஞ்சுத் தோழியின் நோட்டை வாங்கி எழுதிப் படிக்கிற சுபாவம் உனக்கு. அதற்குக் கல்லூரி இருக்கிறது.

உண்மையில், இப்போதுதான் டிகிரி முடித்து, வேலையும் இல்லாமல், போய்வரும் தூரத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியும் இருக்கிற இருபத்தோரு வயசுப் பெண்ணுக்கு நான் ஆன்லைனைச் சொல்லவே மாட்டேன். அங்கே ஃபீஸ் குறைவு. லைப்ரரி, டிபார்ட்மென்ட் மேடம், போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கத் தோழிகள் எல்லாம் அதோடு வரும். "பஸ்ல போயிட்டு வர்றது கஷ்டம், வீட்ல இருந்தே படிக்கட்டும்" என்று பெரியவர்கள் சொன்னால் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசு. வேலையில் இருக்கிறவளுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், பக்கத்தில் கல்லூரியே இல்லாதவளுக்கும் ஆன்லைன் ஒரு வரம். வெளியே போக முடிகிற சின்னப் பெண்ணை வீட்டுக்குள் வைக்க அது சாக்காகிவிடக் கூடாது.

வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஒன்று படித்துக்கொண்டிருக்கிறாயா? 2022 ஏப்ரலிலிருந்து, நேரில் ஒரு படிப்பும் ஆன்லைன் அல்லது தொலைதூரத்தில் இன்னொன்றும் ஒரே நேரத்தில் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை, தெரிந்துவைத்துக்கொள்.

சேருவது என்று முடிவெடுத்தால், அதே படிப்பைப் போன வருஷம் முடித்த இரண்டு பேரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துப் பேசு. ரிசல்ட் சொன்ன நேரத்தில் வந்ததா, சர்டிபிகேட் கைக்கு வர எத்தனை மாதம் ஆனது, மெயில் போட்டால் பதில் வருமா என்று கேள். கம்பெனி கொடுக்கிற 'ஹேப்பி ஸ்டூடன்ட்' நம்பரில் பேசாதே.

ஆன்லைன், தொலைதூரப் படிப்புகளுக்கு ஜனவரி-பிப்ரவரியிலும் ஜூலை-ஆகஸ்டிலும் என வருஷத்துக்கு இரண்டு சேர்க்கைக் காலம் உண்டு. இதை விட்டால் அடுத்தது ஆறே மாதத்தில். "இன்னைக்கு நைட் பன்னிரண்டு மணியோட ஸ்காலர்ஷிப் முடியுது மேம், ஐயாயிரம் கட்டி சீட்டை பிளாக் பண்ணிடுங்க" என்று போன் வந்தால், "யோசிச்சு சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடு.